எழுதாத தேர்வுக்குச் சுழியம் போட்டது யார்?

காலாண்டுத் தேர்வு முடிந்து ஒரு வாரம் இருக்கும். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி. அதன் கணினி ஆய்வக வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை பார்ப்பவர். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளின் பெயர், மாலை நேரச் சிறப்புப் பயிற்சிக்கான பட்டியலில் இருந்தது. அறிவிப்புப் பலகையில் அந்தப் பட்டியலைப் பார்த்த நாளிலிருந்து பிள்ளை சரியாகப் பேசுவதில்லை என்றார்.

“சிறப்பு வகுப்பு வேணாம்னு சொல்லல சார். ஆனா அவ காய்ச்சல்ல கிடந்தா, ரெண்டு பரீட்சை எழுதவே இல்ல. எழுதாததுக்கு எப்படி சார் சைபர் ஆகும்?”

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் எழுதிய மூன்று தாள்களில் மதிப்பெண்கள் 72, 58, 65. கூட்டினால் 195. மூன்றால் வகுத்தால் சராசரி 65. ஐந்தால் வகுத்தால் 39. சராசரி 40-க்குக் கீழே உள்ளவர்களைத்தான் சிறப்புப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

அந்தப் பட்டியலைத் தயாரித்தது நான் எழுதிய பைத்தான் நிரல். மதிப்பெண் கட்டம் காலியாக இருந்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அது நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக, காலியாக இருந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு மாணவியைப் பற்றி முடிவெடுக்கிறேன் என்ற நினைப்பே அப்போது வரவில்லை.

பெயரை உடனே நீக்கினேன். மறுநாள் அவளுடைய வகுப்புக்குச் சென்று, தவறு என்னுடையது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். ஆனால் அந்தத் தாயின் கேள்வி என்னை விடவில்லை. நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியன் நான். எங்கே பிழைத்தேன் என்று யோசித்ததில் புரிந்தவற்றையே இங்கே பகிர்கிறேன்.

டீக்கடையில் ஓர் இடைமுகம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் முதல் பாடத்திலேயே ‘இடைமுகம்’ வந்துவிடுகிறது. ஒரு செயற்கூறு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே அதைப் பயன்படுத்த வழிசெய்யும் வெளிமுகம் அது. விளக்குச் சுவிட்சைப் போடுகிறோம், விளக்கு எரிகிறது. சுவருக்குள் ஓடும் கம்பியைப் பற்றி நாம் நினைப்பதில்லை.

என் மாணவர்களுக்கு இதைவிட நன்றாகப் புரிவது டீக்கடை. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் “ஒரு டீ” என்று சொன்னால் போதும், டீ வந்துவிடும். எவ்வளவு பால், எவ்வளவு டிகாஷன், எத்தனை கரண்டி சர்க்கரை என்று மாஸ்டர் கேட்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் அவரே ஒரு முடிவு வைத்திருக்கிறார். இது எளிய இடைமுகம்.

வேறு மாதிரி வேண்டுபவர் “ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா” என்கிறார். மாஸ்டர் எடுத்திருந்த முடிவுகளில் இரண்டை மட்டும் மாற்றுகிறார், மற்றவற்றை அவரிடமே விட்டுவிடுகிறார். இது நெகிழ்வு.

ஆக, எளிமை என்றால் முடிவுகளை வடிவமைத்தவரே எடுத்துவிட்டார் என்று பொருள். நெகிழ்வு என்றால் முடிவுகளைப் பயன்படுத்துபவரிடம் விட்டிருக்கிறார் என்று பொருள். இரண்டில் எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாக எடுத்து, ‘இதை எடுக்க வேண்டியவர் யார்?’ என்று கேட்க வேண்டும்.

‘ஒரு டீ’ என்றால் சர்க்கரையோடுதான் வரும் என்பது பெரும்பாலோருக்கு வசதி. சர்க்கரை நோய் உள்ள ஒருவர் அதைக் கவனிக்காமல் குடித்துவிட்டால் அது கேடு. சொல்லாமல் விட்டதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. அந்தப் பொருளை முன்கூட்டியே தீர்மானித்தவர் ஒருவர் இருக்கிறார்.

34.5-ஐ முழு எண்ணாக்கினால்?

மொழியை உருவாக்கியவர்களும் இப்படிப்பட்ட முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பயன்படுத்தும் ‘பிரிண்ட்’ செயற்கூறையே பாருங்கள். சும்மா ஒரு சொல்லைக் கொடுத்தால் அச்சிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. சொற்களுக்கு இடையே இடைவெளிக்குப் பதில் கோடு வேண்டுமானால் ‘செப்’ என்ற அளபுருவை மாற்றலாம். அடுத்த வரிக்குப் போக வேண்டாம் என்றால் ‘எண்ட்’ என்ற அளபுருவை மாற்றலாம். மாற்றாவிட்டால் இயல்பு மதிப்பு தானாக வேலை செய்யும். முதல் நாள் மாணவருக்கு எளிமை, ஆறு மாதம் கழித்து அதே மாணவருக்கு நெகிழ்வு. இங்கே மறைந்திருக்கும் முடிவால் யாருக்கும் தீங்கில்லை.

‘ரவுண்ட்’ செயற்கூறு அப்படியல்ல. பைத்தான் 3-இல் 34.5-ஐ அதனிடம் கொடுத்துப் பாருங்கள். 35 வரும் என்றுதான் எதிர்பார்ப்போம். வருவது 34. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை, அருகிலுள்ள இரட்டைப்படை முழு எண்ணுக்குக் கொண்டுசெல்வது அதன் விதி. அதனால் 35.5-ஐக் கொடுத்தால் 36 வரும், 34.5-ஐக் கொடுத்தால் 34 வரும். நிறைய எண்களைக் கூட்டும்போது எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கினால் மொத்தம் வீங்கிவிடும். அதைத் தவிர்க்கவே இந்த விதி. கணக்கில் இது நல்ல முடிவு.

ஆனால் நம் பள்ளியில் தேர்ச்சி மதிப்பெண் 35. எக்செல் விரிதாளில் கணக்கிட்ட ஆசிரியருக்கு 34.5 என்பது 35 ஆகிவிடும். பைத்தானில் கணக்கிட்ட ஆசிரியருக்கு அதே பிள்ளை 34-இல் நிற்கும். இரண்டு கருவிகளும் எளிமையானவை, இரண்டும் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. விடையில் மட்டும் ஒரு தேர்ச்சி வேறுபடுகிறது.

எட்டு அளபுருக்கள்

இதெல்லாம் புரிந்த வேகத்தில் நான் அடுத்த தவற்றைச் செய்தேன். எந்த முடிவையும் நான் எடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் பயன்படுத்துபவரிடமே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். பைத்தான் 3-இல் செயற்கூறுகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் என் செயற்கூறின் பெயர் ‘சராசரி’. அதற்கு எட்டு அளபுருக்கள் வைத்தேன்: மதிப்பெண் பட்டியல், உயர்ந்தபட்ச மதிப்பெண், தேர்ச்சி மதிப்பெண், தசம இடங்கள், வராதவர்களை என்ன செய்வது, எப்படி முழுமையாக்குவது, பாடங்களுக்கு எடை உண்டா, எந்த வரிசையில் அடுக்குவது. அதை அழைக்க இப்படி எழுத வேண்டியிருந்தது:

சராசரி(பட்டியல், 100, 35, 1, 0, 1, 2, 1)

கணித ஆசிரியர் வந்து பார்த்தார். “இந்த அஞ்சாவதா இருக்கிற சைபர் எதுக்கு சார்?” என்றார். நிரலைத் திறந்து பார்த்துத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. எழுதிய எனக்கே நினைவில்லை. இன்னொரு ஆசிரியர் 100-ஐயும் 35-ஐயும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். 65 மதிப்பெண் எடுத்த மாணவனுக்கு 185.7 சதவீதம் என்று வந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் சிரித்தோம். அந்த வாரமே பலரும் பழையபடி கால்குலேட்டருக்குத் திரும்பிவிட்டார்கள்.

185.7 என்ற தவறு எங்களைச் சிரிக்க வைத்தது, பார்த்தவுடன் தெரிந்தும் போனது. 39 என்ற தவறு அப்படித் தெரியவில்லை. அது ஒரு நியாயமான மதிப்பெண் போலவே பட்டியலில் உட்கார்ந்திருந்தது. கருவியை வடிவமைப்பவர் அஞ்ச வேண்டியது இரண்டாவது வகைத் தவற்றுக்குத்தான்.

எல்லா முடிவையும் பயன்படுத்துபவரிடம் தள்ளிவிடுவதும் பொறுப்பல்ல என்பது அப்போது புரிந்தது. அவருக்கு நேரமில்லை. அந்த எட்டுக் கேள்விகளில் ஆறு அவருக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத ஆறுக்கு நடுவில், உண்மையில் அவர் யோசிக்க வேண்டிய இரண்டும் காணாமல் போய்விடுகின்றன.

தொழிற்பேட்டையில் கிடைத்த விடை

விடை வேறோர் இடத்தில் கிடைத்தது. எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் சி.என்.சி. இயந்திரம் இயக்குபவர். முதலாளியின் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை ஆறு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். கணினிச் சொற்களால் இரும்பில் துளை போடுவதை அவர்கள் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

சி.என்.சி. இயந்திரத்துக்கும் ஒரு நிரல்மொழி உண்டு. அதை ஜி-கோடு என்பார்கள். அதில் ஜி00 என்றால் வேகமாக நகர். ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் நகர். இந்த இரண்டை வைத்தே துளையிடலாம். துளைக்கு நேர் மேலே போ, தகட்டுக்கு அருகே இறங்கு, வெட்டிக்கொண்டே உள்ளே போ, மேலே ஏறு. ஒரு துளைக்கு நான்கு வரிகள், பன்னிரண்டு துளைகளுக்கு 48 வரிகள். எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது வசதி. எங்கேயும் ஓர் எண் தவறலாம் என்பது ஆபத்து.

அதற்காகவே ஜி81 என்ற துளையிடும் சுழற்சி இருக்கிறது. முதல் துளைக்கு இடம், ஆழம், எந்த உயரத்திலிருந்து வெட்டத் தொடங்க வேண்டும், என்ன வேகம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். அடுத்த பதினொரு துளைகளுக்கு இடத்தை மட்டும் சொன்னால் போதும். முடிவில் ஜி80 என்று சொல்லிச் சுழற்சியை நிறுத்த வேண்டும். மொத்தம் 13 வரிகள்.

“அப்ப எப்பவும் இதையே போட்டுடலாமே?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவர் சிரித்தார். “81 ஒரே மூச்சுல உள்ள இறங்கிடும் பாப்பா. தகடு மெல்லிசா இருந்தா சரி. ஆழமான துளையில சீவல் வெளிய வர முடியாம அடைச்சுக்கும், ட்ரில் உடைஞ்சு போயிடும். அதுக்கு 83 போடணும். கொஞ்சம் இறங்கும், மேல வந்து சீவலைத் தள்ளும், திரும்ப இறங்கும். ஒரு தடவைக்கு எவ்வளவு இறங்கணும்னு நாமதான் சொல்லணும். அது பொருளைப் பொறுத்தது, மெஷினுக்குத் தெரியாது.”

மாணவர்கள் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் குறிப்பேட்டில் அவருடைய கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டேன்.

அந்த மொழியை வடிவமைத்தவர்கள் எளிமையா நெகிழ்வா என்று சண்டை போடவில்லை. மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். அன்றாட வேலைக்கு ஜி81. கவனம் தேவைப்படும் வேலைக்கு, கூடுதலாக ஒரே ஒரு கேள்வியோடு ஜி83. இரண்டிலும் அடங்காத வேலைக்கு ஜி00-உம் ஜி01-உம். ஒரு படியில் இருப்பவர் அடுத்த படிக்குப் போகத் தடையில்லை. இயந்திரத்துக்குத் தெரிய முடியாத ஒன்றை மட்டும் மனிதரிடம் கேட்கிறது.

மூன்றாவது முறை எழுதியபோது

அடுத்த வாரம் ‘சராசரி’ செயற்கூறை மாணவர்களோடு சேர்ந்து மறுபடி எழுதினேன். ஒவ்வொரு முடிவையும் கரும்பலகையில் எழுதி மூன்று கேள்விகள் கேட்டோம்.

முதல் கேள்வி: இந்த முடிவு தவறினால் யாருக்காவது தீங்கு உண்டா? தசமத்துக்குப் பின் எத்தனை இடங்கள் காட்டுவது என்பதில் பெரிய தீங்கில்லை. அதற்கு ஓர் இயல்பு மதிப்பு வைத்துவிட்டோம்.

இரண்டாவது கேள்வி: இது அடிக்கடி மாறுமா? உயர்ந்தபட்ச மதிப்பெண் பெரும்பாலும் 100. சில தேர்வுகளுக்கு மட்டும் வேறு. எனவே இயல்பாக 100, மாற்ற விரும்புபவர் அளபுருவின் பெயரைச் சொல்லி மாற்றலாம். பெயர் சொல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுக்க முடியாதபடி பைத்தான் 3-இல் கட்டுப்பாடு வைக்கலாம். அளபுருப் பட்டியலின் நடுவே ஓர் உடுக்குறி இட்டால், அதற்குப் பின் வருபவற்றைப் பெயரோடுதான் தர வேண்டும். 100-உம் 35-உம் இடம் மாறும் தவறு இதனால் நின்றது.

மூன்றாவது கேள்வி: விடை கணினிக்குத் தெரிய வாய்ப்பே இல்லாததா? தேர்வுக்கு வராத மாணவரை என்ன செய்வது என்பது அப்படிப்பட்டது. காய்ச்சலா, வீட்டில் துக்கமா, பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாரா என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். அதற்கு இயல்பு மதிப்பே வைக்கவில்லை. பட்டியலில் எல்லாரும் தேர்வு எழுதியிருந்தால் செயற்கூறு எதுவும் கேட்காது. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நின்று, அந்த மாணவரின் வரிசை எண்ணைச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்கும்.

இப்போது பெரும்பாலான நாட்களில் சராசரி(பட்டியல்) என்று எழுதினால் போதும். காலிக் கட்டம் இருந்தால் சராசரி(பட்டியல், வராதவை="விடு") என்று ஆசிரியரே முடிவைச் சொல்ல வேண்டும். நிரல் முன்பைவிடச் சற்று அடிக்கடி நிற்கிறது. நிற்காமல் ஓட வேண்டும் என்று நான் எழுதிய அந்த ஒரு வரியை நினைத்துக்கொள்கிறேன். சில இடங்களில் நிரல் நிற்பதுதான் சரி.

‘ஆவடி’யில் எத்தனை எழுத்து?

இந்தச் சிக்கல் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘ஆவடி’யில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். மூன்று என்று சொல்லும். பைத்தானின் ‘லென்’ செயற்கூறிடம் கேட்டால் நான்கு என்கிறது. ‘அம்பத்தூர்’ நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பத்து. ‘பூந்தமல்லி’யும் அப்படியே, நமக்கு ஆறு, அதற்குப் பத்து. ஒருங்குறியில் ‘டி’ என்பது ட என்ற குறியும் இகரக் குறியும் சேர்ந்தது. புள்ளிக்கும் தனிக் குறி. ‘லென்’ எண்ணுவது குறிகளை, எழுத்துகளை அல்ல.

இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான செயற்கூறு, எந்த மொழியின் இலக்கணத்தையும் தானாக ஊகிக்காமல் அடிப்படைக் குறிகளைத் தருகிறது. தேடல் பொறி, விசைப்பலகை செய்பவர்களுக்கு அந்த நெகிழ்வு தேவை. ஆனால் சொல் விளையாட்டு நிரல் எழுதும் மாணவருக்கு அது குழப்பம். அவருக்காகவே தமிழ் ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய ‘ஓபன்-தமிழ்’ என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் நம் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு அதில் உண்டு. கீழே ‘லென்’ இருக்கிறது, அதன் மேல் ஓர் எளிய படி கட்டப்பட்டிருக்கிறது.

எளிய படியிலும் முடிவுகள் ஒளிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ‘க்ஷ’ ஓர் எழுத்தா, இரண்டா? எழுத்தெண்ணும் செயற்கூறை எழுதும் எவரும் இதற்கு ஒரு விடை வைத்தாக வேண்டும். மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். தமிழாசிரியரையும் கணினி ஆசிரியரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கும் கேள்வி இது.

நம் வகுப்பறைகளுக்கு

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதுவரை படித்துவிட்டு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நாம் கொடுக்கும் ஒவ்வொரு பயிற்சித் தாளும் ஓர் இடைமுகம்தான். ‘புள்ளிகளை இணைத்து மீன் வரைக’ என்பது எளிமை. ‘உனக்குப் பிடித்ததை வரைக’ என்பது நெகிழ்வு. முதலாவதில் முடிவுகளெல்லாம் நம்முடையவை. இரண்டாவதில் வெற்றுத்தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் உண்டு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள் வைத்திருப்பதை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஒரே கருத்துக்கு மூன்று படிகள், ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏற வழி.

குழந்தைகளுக்கான நிரல்மொழி லோகோ 1967-இல் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமோர் பேப்பர்ட், நல்ல கற்றல் கருவிக்குத் தாழ்ந்த தளமும் உயர்ந்த கூரையும் வேண்டும் என்றார். எவரும் எளிதில் நுழைய வேண்டும், நுழைந்தவர் உயரத்துக்கு வளர இடம் வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலில் நாம் அறிமுகப்படுத்தும் ஸ்கிராட்ச் மென்பொருளை உருவாக்கிய குழுவின் தலைவர் மிட்செல் ரெஸ்னிக், அதோடு அகன்ற சுவர்களும் வேண்டும் என்று சேர்த்தார். ஒரே வழியில் அல்லாமல் பல வழிகளில் போக இடம் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஒரு செயல்பாட்டைப் பரிந்துரைக்கிறேன், கணினி தேவையில்லை. மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் ‘தோசை’ என்ற செயற்கூறை வடிவமைக்கட்டும். எந்தெந்தக் கேள்விகளைக் கேட்பார், எவற்றைத் தானே முடிவு செய்துகொள்வார் என்று எழுதட்டும். மற்றவர் வாடிக்கையாளர். ஐந்து நிமிடம் கழித்து, வாடிக்கையாளருக்கு வேர்க்கடலை ஒவ்வாது என்ற செய்தியைச் சொல்லுங்கள். சட்னியைப் பற்றி எத்தனை பேர் கேட்டிருந்தார்கள் என்று எண்ணுங்கள். எங்கள் ஏழாம் வகுப்பில் செய்தபோது, பெரும்பாலோர் தோசையின் வடிவத்தைக் கேட்டிருந்தார்கள், முறுகலா என்று கேட்டிருந்தார்கள். சட்னியைக் கேட்டவர் ஒருவர்தான்.

அடுத்த முறை மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும்போது, நீங்கள் பயன்படுத்தும் விரிதாளிலோ செயலியிலோ ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுச் சராசரி என்ன வருகிறது என்று பாருங்கள். அடுத்து அதில் 0 போட்டுப் பாருங்கள். பிறகு 34.5-ஐ முழுமையாக்கிப் பாருங்கள். உங்கள் கருவி உங்கள் சார்பில் என்ன முடிவு எடுத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த முடிவு உங்களுக்குச் சம்மதம் என்றால் பட்டியலில் கையெழுத்திடுங்கள்.